பாவ்லோ ஃப்ரெய்ரேவும் அவரை உருவாக்கியவர்களும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். இவ்வாரக் கலந்துரையாடலுக்கு, பிரேசிலின் ரெசிஃபி நகரில் 1921இல் பிறந்த கத்தோலிக்கக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேவை எடுத்துக்கொள்கிறோம். 1963இல் ஆங்கிகோஸ் ஊரில் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரப் பயிற்சியில் எழுத்தறிவிக்க அவர் முனைந்ததும், மறு ஆண்டே இராணுவ ஆட்சி அவரைச் சிறையிலடைத்ததும் பலரும் அறிந்தவை. அவருக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். வீட்டுக் கொல்லையில் மாமர நிழலில் குச்சியால் மண்ணில் எழுதவைத்து எழுத்துக் கற்பித்த பெற்றோர், வறுமையில் தவித்த அவரைக் கட்டணமின்றித் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்ட அலுயிசியோ அராவுஜோ, சட்டம் படித்தவரைக் கல்வியின் பக்கம் திருப்பிய மனைவி எல்சா ஆகியோரில், தொடக்கப்பள்ளி ஆசிரியையான எல்சாவின் பங்கே பெரிது என்பது என் கணிப்பு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.