பேதியில போற பயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே மகளும் பேரனும் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறார்கள்.

பயல் போனில் பேசுவதை நீ கேட்க வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு 'த்தா'. கோபமெல்லாம் இல்லை, சிரித்துச் சிரித்துத்தான் பேசுகிறான். மகள் அதட்டினால், "நான் என்ன சொன்னேன்?" என்று நிஜமாகவே முழிக்கிறான். அம்மாவை இழுக்கிற வசை, முன்னெழுத்து உதிர்ந்து, மூச்சு வாங்குகிற இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நாம் 'வந்து', 'அதாவது' என்று இழுப்போமே, அதே வேலை. டிவிக்காரர்கள் அந்த இடத்தில் 'பாத்தீங்கன்னா' போடுகிறார்கள். பார்க்க ஒன்றும் இருக்காது!

'யா கா பிற பிறக்கு அரோ போ மாது' என்று தமிழ் ஐயா ஒப்பிக்க வைத்தது ஞாபகம் இருக்கிறதா? தொல்காப்பியம், நன்னூல் இரண்டிலும் வரும் அசைச்சொல் பட்டியல், அதாவது தனக்கென்று பொருள் இல்லாமல் செய்யுளில் சும்மா வந்து நிற்கும் சொற்கள். புலவருக்கு அரோ, இவனுக்கு த்தா. அப்புறம் சபையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலுக்கு உதாரணமாக, 'பீ' என்று சொல்லாமல் 'ஆ முன் பகர ஈ' என்றாரே, கடைசி பெஞ்சில் நீ சிரித்த சிரிப்புக்கு வகுப்பே அடி வாங்கியது.

நம்ம ஊர் ஆச்சிமார் மட்டும் என்னவாம்? 'பேதியில போவான்', 'கொள்ளையில போவான்' எல்லாம் காலரா ஊரையே வாரிக்கொண்டு போன காலத்துச் சாபம். நோயின் பயம் போனது, சொல் நின்றுவிட்டது. என் ஆச்சி அதைச் சொல்லிக்கொண்டேதான் இன்னொரு இட்லி வைப்பாள். 'இந்த எளவு மழை எப்ப விடும்' என்கிறோம், யார் வீட்டு எழவு அது?

ஆனால் எல்லா வசையும் இப்படித் தேய்ந்துவிடாது. 'சண்டாளா' என்று பழைய படங்களில் சர்வசாதாரணமாகத் திட்டுவார்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர் அது. திட்டுகிறவனுக்கு வெறும் பழக்கம். அந்தச் சாதிக்காரர் காதில் அப்படியா விழும்? பேரனிடம் இதை மட்டும்தான் கண்டிப்பாகச் சொன்னேன். 'த்தா'வைப் பற்றி வாயே திறக்கவில்லை, சொன்னாலும் விடமாட்டான்.

மகள் பிடித்துக்கொண்டாள். "சாதின்னா குத்தும், அம்மான்னா குத்தாதாப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. காதுக்குத் தேய்ந்த சொல் என்று நான் சொன்னது அவளிடம் எடுபடவில்லை. யார் காதுக்கு என்று திருப்பிக் கேட்டாள். நீ என்ன நினைக்கிறாய், எழுது.

ஆவணியில் தங்கச்சி மகன் கல்யாணம். பத்திரிகை தனியாக வரும். மதினியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
சங்கரன்