நீலத்திரையும் பழைய கணினியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலுள்ள பழைய கணினி திடீரென நீலத்திரையைக் காட்டி நின்றுவிட்டால், பழுதுபார்ப்பவர் பலரும் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவவே முற்படுகின்றனர். கோளாறு ராம் (RAM) எனப்படும் தற்காலிக நினைவகத்திலோ ஹார்டு டிஸ்க்கிலோ இருக்குமாயின் அதனால் பயனில்லை என்பதோடு, நகலெடுத்து வைக்காத கோப்புகளும் போய்விடும். திரையில் தோன்றும் பிழைக் குறியீட்டை முதலில் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அது ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால், என் சந்தேகம் ராம் மீதுதான். மின்னிணைப்பைத் துண்டித்து, ராமைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்துவதும், விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை ஓடவிடுவதும் செலவில்லாத வேலைகள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழங்குவது, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதைக் காட்டிப் புதுக் கணினி வாங்கச் சொல்வோரும் உண்டு. அது பாதுகாப்பு தொடர்பான வேறு பிரச்சினை, பழுதான ராமுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

– வாசகர் ஒருவர், மதுரை