பாட்டு டீச்சர் இடத்தை எப்போது நிரப்புவீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கறம்பக்குடி பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறேன். மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அனுப்பியும் பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்காக மாநிலம் முழுக்க 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த டீச்சர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். மே மாதம் சம்பளமே கொடுக்கவில்லை. அந்தச் சம்பளம் பத்தாயிரத்தைத் தாண்டவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனையோ முறை சென்னைக்குப் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் எங்கள் டீச்சர் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலகியவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்கள் போக மாநிலத்தில் சுமார் 12,000 பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

அவர் இருந்தபோது வகுப்பு எப்படி நடந்தது என்று நானே பார்த்திருக்கிறேன். பையில் சொந்த சுருதிப்பெட்டியோடு வருவார். பிள்ளைகளை வராண்டாவில் உட்கார வைத்து ஆதி தாளம் போடச் சொல்வார். ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. ஒரு பிள்ளை முந்திக்கொண்டாலும் எல்லோரும் முதலிலிருந்து போட வேண்டும். பக்கத்துப் பிள்ளையைக் கவனித்து, அதற்காகக் காத்திருந்து, சேர்ந்து செய்யும் பழக்கம் அந்த வராண்டாவில்தான் வந்தது. தமிழ்ப் புத்தகத்தின் மனப்பாடப் பகுதிக்கும் மெட்டுப் போட்டுக் கொடுத்தார். அது பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிட்டது. ஆனால் மார்க் வரும் என்பதற்காக நான் பாட்டு வகுப்பைக் கேட்கவில்லை. பாடத் தெரிவதே ஒரு பிள்ளைக்குச் சொத்துதான்.

2022இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசு கலைத் திருவிழாப் போட்டிகள் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. கலையரசன், கலையரசி என்று விருது கொடுக்கிறார்கள், வெளிநாட்டுக்குக்கூட அழைத்துப் போகிறார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பள்ளியில், அறிவிப்பு வந்ததும் கணக்கு டீச்சர் தன் செல்போனில் யூடியூப் போட்டுக் காட்டுகிறார். வெளியில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளையோடு எங்கள் பிள்ளைகள் எப்படிப் போட்டி போடுவார்கள்?

போன முறை எங்கள் ஊர்ப் பறைக் கலைஞர் ஒருவரைக் கேட்டோம். பெரியவர் உடனே சரி என்றார். சாயங்காலம் மைதானத்தில் வைக்கோலைக் கொளுத்தி, பறையைக் காய்ச்சி, தோல் கணகணவென்று பேசும் வரை பிள்ளைகளைக் காத்திருக்க வைத்தார். பிறகு ஒரு கையில் அடிகுச்சி, மறு கையில் சிம்புக்குச்சி என்று ஒவ்வொருவருக்கும் பிடித்துக் காட்டினார். எங்கள் ஊரில் பறையை ஒரு தெருக்காரர்கள் மட்டும்தான் தொடுவார்கள். அன்று எல்லாத் தெருப் பிள்ளைகளும் அடித்தார்கள். ஒரு பாட்டி வந்து சத்தம் போட்டார். தலைமை ஆசிரியை, "பள்ளிக்கூடத்துக்குள் இது பாடம், பாட்டி" என்று சொல்லி அனுப்பிவைத்தார். இதை எந்த மேடைப் பேச்சும் செய்திருக்காது. ஆனால் பெரியவருக்கு நாங்கள் கொடுக்க முடிந்தது டீயும் ஒரு துண்டும்தான். போட்டி முடிந்ததும் பறையும் நின்றுவிட்டது.

கல்வி உரிமைச் சட்டத்தில், ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் படித்தால்தான் கலைக்குப் பகுதி நேர ஆசிரியர் என்று இருக்கிறது. கிராமத்தில் எத்தனை நடுநிலைப் பள்ளியில் அந்த எண்ணிக்கை வரும்? சின்ன ஊரில் பிறந்த குற்றத்துக்குப் பிள்ளைகள் பாடக்கூடாதா? புதுக்கோட்டையில் அரசு இசைப் பள்ளி இருக்கிறது, உண்மைதான். இங்கிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்வர ஏழாம் வகுப்புப் பிள்ளையால் ஆகாது.

பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு முழுநேர இசை ஆசிரியர் போடலாம். ஓவியத்துக்கும் அப்படியே. வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களை முதலில் நிரந்தரமாக்குங்கள். ஊர்க் கலைஞர்கள் வாரம் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுக்க மதிப்பூதியம் ஒதுக்குங்கள். அப்புறம், பாட்டு பீரியடைக் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் இதைச் செய்யுமாறு பள்ளிக் கல்வித்துறையை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
கறம்பக்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.