ட்ரெய்லர் ஏற மறுக்கும் ராணி

டர்பன்
மார்ச் மாதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான், அதை விடு.

ஹில்க்ரெஸ்ட் பக்கத்து லாயத்தில் இப்போது ராணி என்றொரு பெண்குதிரை என் பொறுப்பு. காருக்குப் பின்னால் மாட்டிக் குதிரையை ஏற்றிப்போகும் ட்ரெய்லர் வண்டியைக் கண்டாலே காலை ஊன்றிக்கொண்டு நகரமாட்டாள். விற்றவர் "நல்லா ஏறும்" என்றுதான் சொன்னாராம்! நடுராத்திரியில் குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும், அப்போது பாடம் நடத்த முடியுமா? அதனால் பயணம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துப் பழக்குகிறேன்.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் குதிரையின் கண் பழக நம்மைவிட நேரம் பிடிக்கும். வெளியே நின்று பார்த்தால் ட்ரெய்லர் அவளுக்கு ஒரு குகைதான். முன்கதவைத் திறந்து வைத்து, நடுத்தடுப்பை ஒதுக்கி, உள்ளே வெயில் படும்படி வண்டியை நிறுத்துகிறேன். கயிற்றை லேசாக இழுத்துப் பிடிப்பேன். ஓர் அடி முன்வைத்ததும் உடனே தளர்த்திவிடுவேன். தளர்த்தத் தாமதித்தால் எதற்காக விட்டோம் என்றே அவளுக்குப் புரியாது. முன்கால் இரண்டும் வண்டிக்குள் ஏறும் சாய்பலகையில் ஏறியதும், மேலே போகவிடாமல் நானே பின்னால் நடத்தி இறக்குகிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். பின்னுக்கு நடந்து இறங்கப் பழகாத குதிரை, உள்ளே போனபின் பதறித் தாவி வெளியே வரும். அப்போது எளிதில் அடிபடும். பின்னால் கயிறு போட்டு இழுப்பது, சாட்டை வீசுவது, அந்தப் பக்கமே நான் போவதில்லை.

உன் மருமகனுக்கு ஒன்று சொல். குதிரைக்குப் பின்னால் குறுக்கே தடுப்பாகப் போடும் பின்கம்பியைப் போட்ட பிறகுதான் தலையைக் கட்ட வேண்டும், இறக்கும்போது முதலில் தலையை அவிழ்க்க வேண்டும். கட்டின குதிரை, பின்னால் தடுப்பில்லாமல் ஒரு இழுப்பு இழுத்தால் மிரண்டு கீழே விழும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. சாய்பலகையைத் திறக்கும்போது பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.

அப்புறம், மருமகன் பழைய ட்ரெய்லர் வாங்கப் போகிறார் என்று எழுதியிருந்தாயே. ரப்பர் பாயைத் தூக்கி, அடிப்பலகையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல். மூத்திரம் ஊறி மரம் உளுத்திருந்தால் மேலே ஒன்றும் தெரியாது, குதிரையின் கால் உள்ளே போகும்போதுதான் தெரியும். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடப் போகிறார்.

ஜூலை மாதம் இங்கே கிரேவில் குதிரைப் பந்தயத்துக்கு வருவாய்தானே? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து என்ன பெரிய தூரம். தங்குவது நம் வீட்டில்தான்.

உன் பழைய சிநேகிதன்