மூன்றாம் தவணை: பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம் பெற்றோரே. ஜூன் விடுமுறை முடிகிறது. பெற்றோர் ஆதரவுக் குழுக் கூட்டம் வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி கேன்டீனில்.

1. தொடக்கநிலை 6: பிஎஸ்எல்இ (சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு) தமிழ் வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில். தமிழ்ப் பாடத்தின் மொத்தம் 200 மதிப்பெண்ணில் இதற்கு 50. வாசிப்பு, அப்புறம் காணொளி பார்த்து உரையாடல். உரையாடலில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்திலாவது தமிழிலேயே பேசுங்கள், திருத்திக்கொண்டே இருக்காமல் பேசவிடுங்கள்.

2. தொடக்கநிலை 1, 2: மதிப்பெண் தேர்வுகள் கிடையாது. டியூஷனுக்கு அவசரப்பட வேண்டாம்.

3. பேரண்ட்ஸ் கேட்வே (பள்ளி-பெற்றோர் தொடர்புச் செயலி) செயலியில் நிலுவையிலுள்ள ஒப்புதல் படிவங்களை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

4. தமிழ் வாசிப்பு நேரத்துக்குத் தொண்டூழியர்கள் தேவை. தாத்தா பாட்டிகளும் வரலாம், அவர்கள் வந்தால் ரொம்ப நல்லது.

கூட்டத்துக்கு வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பிள்ளையின் வகுப்பைக் குறிப்பிட்டு இங்கேயே பதில் போடுங்கள். நன்றி.