கப்பல் ஒன்றும் சுற்றுலா பஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கோவை, திருப்பூர், ஈரோட்டில் கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. கோவையிலிருந்து நேராக விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கே கப்பலேறி, மலேசியாவையும் தாய்லாந்தையும் தொட்டுத் திரும்பலாம் என்பதால் கூட்டுக்குடும்பமாகவே கிளம்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் பலரும் இதை பழனி, திருச்செந்தூர் சுற்றுலா பஸ்ஸின் பெரிய உருவமாக நினைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். அந்த பஸ்ஸில் ஆள் வரவில்லை என்றால் டிரைவர் ஹாரன் அடித்துக் காத்திருப்பார், சமையல்காரர் அடுப்போடு கூட வருவார், பை காலடியிலேயே கிடக்கும். கப்பலில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. சங்கடங்கள் பெரும்பாலும் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன. டிக்கெட் விற்கும் ஏஜென்ட்கள் ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டிய விவரங்கள் இவை. அவர்கள் கொடுப்பதில்லை என்பதால் தங்களுக்கு எழுதுகிறோம்.

பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை சில. நால்வர் கேபின் என்று மலிவாக விற்பதில் இரண்டு படுக்கைதான் கீழே இருக்கும். மற்ற இரண்டும் ரயில் பெர்த் போலச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். முட்டிவலி உள்ள அமிச்சியையும் அப்பச்சியையும் அதில் ஏற்ற முடியாது. கேபின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. மூக்கிலும் வாலிலும், மேல் தளங்களிலும் அதிகம். பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் நிறையாத குழந்தையையும், 24 வாரம் தொட்ட கர்ப்பிணியையும் ஏற்றமாட்டார்கள். துறைமுகம் வரை போய்த் திரும்பிய குடும்பங்கள் உண்டு.

விசாவில் ஒரு கண்ணி இருக்கிறது. சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணம் என்றால், கப்பல் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறது. அதாவது நீங்கள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவுக்கானதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசின் இணையதளத்தில் இலவசமாக நிரப்பலாம். இதற்குக் காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகு. கப்பல் கிளம்பும் நாளன்றே விமானம் ஏறாதீர்கள். நம் கடிகாரத்தைவிட சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் கப்பல் போயிருக்கும், கட்டிய பணமும் போயிருக்கும். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குவதற்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

நம் வீட்டுச் சாமான் பைக்குள் இருக்கும் ஆபத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. கறிக் குழம்புக்கென்று அரைத்த மசாலாப் பொடியோடு கசகசாவையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். சிங்கப்பூரில் கசகசா போதைப்பொருள் தடுப்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாத பொருள். துபாய், அபுதாபி பக்கம் கப்பலேறுவோருக்கு இன்னும் சிக்கல். அங்கே அது போதைப்பொருள் வழக்காகவே மாறலாம். வாயில் அடக்கும் புகையிலை, சூயிங் கம், மின் சிகரெட் மூன்றையும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகக் கூடாது.

கப்பலுக்குள் ஏற்றாத பொருட்களின் பட்டியல் வேறு. இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், தண்ணீர் சுடவைக்கும் காயில், ஊதுபத்தி, சூடம், விளக்குத்திரி எல்லாமே ஸ்கேனரில் தெரிந்துவிடும், எடுத்து வைத்துக்கொள்வார்கள். நடுக்கடலில் தீ வந்தால் ஓட இடமில்லை, அதுதான் காரணம். எக்ஸ்டென்ஷன் போர்டையும் பிடுங்குவது ஏன் என்று பலர் சண்டை போடுகிறார்கள். வீட்டு ஒயரிங்கில் நியூட்ரல் கம்பி பூமியோடு இணைந்திருக்கும். கப்பலில் பொதுவாக அப்படி இணைப்பதில்லை. இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் உண்டு. சர்ஜ் பாதுகாப்புள்ள போர்டு அதிகப்படி மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளும். கப்பலில் எர்த் என்பது கப்பலின் இரும்பு உடம்புதான். அந்த நிலையில் போர்டு சூடேறிப் பற்றிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அதனால் தட்டை முனைக்கும் உருண்டை முனைக்கும் பொருந்தும் சாதாரண அடாப்டர் இரண்டும், நான்கு யூஎஸ்பி வாய் உள்ள சார்ஜர் ஒன்றும் போதும். நம்மூர் மூன்று முனை பிளக் பெரும்பாலான கப்பல் கேபின்களில் நுழையாது.

கழிப்பறையில் கைக்குழாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு சின்ன பிளாஸ்டிக் சொம்பு எடுத்துப் போனால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. கழிப்பறை காற்றால் உறிஞ்சும் வகை. நாப்கின், குழந்தைகளின் டயப்பர், ஈரத்தாள் எதைப் போட்டாலும் ஒரு கேபின் மட்டுமில்லை, அதே குழாயில் உள்ள பல கேபின்கள் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை: சிறுவாணி குடித்துப் பழகிய நாக்குக்குக் கப்பல் குழாய்த் தண்ணீர் சப்பென்றிருக்கும். கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர், குடிக்கத் தக்கது. பாட்டிலுக்கு டாலர் கொடுக்க வேண்டியதில்லை.

ஏறியதும் சூட்கேஸை வாங்கிக்கொள்வார்கள். அது கேபின் வாசலுக்கு வர மாலை ஆகிவிடும். மாத்திரை, பாஸ்போர்ட், குழந்தையின் மாற்றுத்துணி கைப்பையில்தான் இருக்க வேண்டும். கேபினில் உள்ள குட்டிப் பெட்டி குளிர்ச்சியாக வைக்குமே தவிர முழு ஃபிரிட்ஜ் அல்ல. இன்சுலின் வைத்திருப்பவர்கள் ரிசப்ஷனில் சொன்னால் மருத்துவப் பிரிவில் இடம் கேட்டுத் தருவார்கள். பருவம் பார்த்துக் கிளம்புவதும் முக்கியம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து பொள்ளாச்சித் தென்னையைச் சுழற்றுகிற அதே காற்றுதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. வங்கக் கடலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். தலைசுற்றல் மாத்திரை வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது; டாக்டரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் உதவாது. கேபினுக்குள் படுத்து செல்போனைப் பார்ப்பதைவிட மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது.

கிளம்பும் முன் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். "செக்-இன் ஆனதே, பஃபேக்குப் போலாமுங்க" என்று நழுவுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை புதிதாக ஏறியவர்களுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த விதி அதன் பிறகு மாறியது. 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ நடத்தியாக வேண்டும். ஏழு முறை குட்டையாகவும் ஒரு முறை நீளமாகவும் சங்கு ஒலித்தால் அவசரநிலை. உங்கள் கூடுமிடத்தின் எண் கப்பல் அட்டையிலேயே இருக்கும். குழந்தைகளுக்கும் அதை மனப்பாடம் செய்ய வையுங்கள்.

இனி, அதிகம் பேர் சறுக்கும் இடம்: துறைமுகத்தில் இறங்கும் நாள். மலேசியாவின் கிள்ளான் துறைமுகம் வந்தால் நம் ஆட்கள் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார்கள். 140 அடி முருகனை விட்டுவிட்டு வர யாருக்கு மனம் வரும்? கணக்கைப் பார்ப்போம். கப்பல் காலை 8 மணிக்குக் கரை சேர்ந்தால் அதிகாரிகள் அனுமதி கொடுத்து நீங்கள் கார் ஏறும்போது 9 மணி. பத்துமலை போக ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள், 10:30. 272 படி ஏறிக் கும்பிட்டு இறங்கினால் 12. திரும்பும்போது கோலாலம்பூர் நெரிசலும் மழையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள், 2 மணி. கடைசியாக ஏற வேண்டிய நேரம் 4 என்றால் இரண்டு மணி நேரம் கையிருப்பு. அது கையிருப்புதான், செலவுக்கல்ல. அதைத் துணிக்கடையில் செலவழித்த பிறகு ஒரு டயர் பஞ்சரானால் போதும். பினாங்கில் இந்தப் பதற்றம் இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியாவும் மகா மாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரம்தான்.

இரண்டாவது சறுக்கல் கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் செல்போன் அந்த ஊர் டவரைப் பிடித்துத் தானாக மாறிக்கொள்ளும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், கப்பலில் 5 மணி ஆகும்போது உங்கள் போனில் 4 தான் காட்டும். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுங்க" என்று இளநீர் குடித்துக்கொண்டு இருந்தால் கப்பல் கிளம்புவதைக் கரையிலிருந்து பார்க்கலாம். கையில் ஒரு பழைய வாட்ச் கட்டி, கப்பல் நேரத்துக்கு வைத்து, தொடாமல் விடுங்கள். தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் அன்றைய நேரம் அச்சாகியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுப்பயணத்தில் போனவர்கள் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். வெளி டாக்சியில் போனவர்களுக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். அதனால் பாஸ்போர்ட் நகலும் உள்ளூர்த் துறைமுக ஏஜென்டின் எண்ணும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

நமக்கு மிகப் பக்கத்துத் துறைமுகம் கொச்சி, கோவையிலிருந்து 200 கிலோமீட்டருக்குள். அங்கிருந்து லட்சத்தீவு போகிறவர்களுக்கு ஒன்று: பெரிய கப்பல் ஆழமில்லாத கடற்கழிக்குள் நுழைய முடியாது. வெளியே நின்று, சின்னப் படகில்தான் இறக்குவார்கள். அலையில் படகு ஏறி இறங்கும் நொடி பார்த்துக் கால் எடுத்து வைக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களை அனுமதிப்பது கடினம். அலை பெரிதானால் இறங்குவதே ரத்தாகும். அதற்குக் கேப்டனோடு சண்டை போட்டுப் பயனில்லை.

சாப்பாட்டில், சைவம், ஜைனம், வெங்காயம் பூண்டு வேண்டாம் என்பதை பதிவு செய்யும்போதும், முதல் நாள் இரவு உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடமும், இரண்டு முறை சொல்லுங்கள். புரட்டாசிக்காரர்களுக்கு இது முக்கியம். பஃபேயில் எச்சில் தட்டோடு மறுபடி வரிசைக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதுத் தட்டு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் கப்பல்களில் வேகமாகப் பரவும். அதற்குக் கைதுடைக்கும் ஜெல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். கையால் சாப்பிடும் நாம் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். தட்டில் மலைபோல் குவித்துப் பாதியை விடுவது பந்தியிலும் அழகில்லை. ஆப்பிள், முட்டையைப் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுபோனால் பல நாடுகளில் அபராதம்.

பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கும் வித்தையை நீச்சல்குளச் சாய்வு நாற்காலியில் காட்ட வேண்டாம். ஆள் இல்லாமல் துண்டு மட்டும் கிடந்தால் சற்று நேரத்தில் பணியாளர் எடுத்துவிடுவார். சேலை, வேட்டி, பருத்திச் சட்டையோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். பால்கனிக் கம்பியில் துணி காயப்போடுவது, பூ, தேங்காய், பிளாஸ்டிக் எதையும் கடலில் வீசுவது கூடாது. சிகரெட் துண்டைச் சுண்டிவிட்டால் காற்று அதை அடுத்த பால்கனிக்குக் கொண்டுவந்து போடும். 2006இல் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனியில் பற்றிய தீக்கு அணையாத சிகரெட் துண்டே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது. இரவு பத்து மணிக்கு மேல் நடைவழியில் நின்று கேபின் கேபினாகக் கதவு தட்டி அரட்டை அடிப்பதுதான் நம் குழுக்கள் மீது வரும் முதல் புகார்.

செல்போனைக் கப்பலேறியதும் ஃபிளைட் மோடில் போடுங்கள். நாம் வாங்கும் வெளிநாட்டு ரோமிங் பேக் பெரும்பாலும் கரைக்குத்தான். நடுக்கடலில் போன் கப்பலின் சாட்டிலைட் டவரைப் பிடித்தால் பில் எகிறும். டிப்ஸ் பல கப்பல்களில் தலைக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று கணக்கிலேயே சேரும், குழந்தைக்கும் உண்டு. ஏஜென்ட் சொன்ன விலையில் அது அடக்கமா என்று கேளுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் முன்பிடித்தம் செய்த தொகை திரும்ப நாளாகும், கிரெடிட் கார்டு மேல்.

கடைசி இரவு சூட்கேஸில் வண்ண அட்டை கட்டி, சொன்ன நேரத்துக்குள் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். அடுத்த முறை அதைத் துறைமுகக் கட்டடத்தில்தான் பார்க்க முடியும். எல்லாத் துணியையும் அடுக்கி வெளியே வைத்துவிட்டு, காலையில் நைட்டியோடும் லுங்கியோடும் குடிநுழைவு வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கலாம். மறுநாள் உடுத்த ஒரு ஜோடி, செருப்பு, காலை மாத்திரை இவற்றைத் தனியாக எடுத்து வைத்த பிறகு ஜிப்பை மூடுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் பயணம் பழகிய சில குடும்பத்தார்,
கோபிசெட்டிபாளையம்.