மனிதர் இல்லாத படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பொங்கலுக்கு முன்னால் வீட்டை ஒழிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பழைய துணி, ஓடாத மிக்சி, தேதி தாண்டிய மாத்திரை பற்றியெல்லாம் சொன்னது சரிதான். அதைப் படித்துவிட்டு என் வீட்டிலிருந்தும் இரண்டு மூட்டை வெளியே போனது. ஆனால் ஆல்பங்களைப் பற்றிய இடத்தில், மனிதர்கள் இல்லாத படங்களை முதலில் எடுத்துப் போட்டுவிடுங்கள், பாதி அலமாரி காலியாகிவிடும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டு ஆல்பங்களில் மனிதர் இல்லாத படம் மொத்தம் ஏழு. ஏழிலும் இருப்பது பிளாக்கி.

நான் பெங்களூரு அல்சூரில் நாற்பது வருடமாக இருக்கிறேன். வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்தார், இப்போது இல்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது, ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டோம். சாவியை எங்கள் வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம் கொடுத்திருந்தோம். அவர் கன்னடக்காரர். நாங்கள் அஜ்ஜி என்று கூப்பிடுவோம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தால், எங்கள் கதவுக்கு முன்னால் கால்மிதியடியில் ஒரு கறுப்பு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. "உங்க வீட்டுக்குக் காவல் வெச்சிருக்கேன்" என்றார் அஜ்ஜி. அவர்தான் அதற்குப் பால் ஊற்றியிருக்கிறார். நாங்கள் பிளாக்கி என்றோம், அஜ்ஜி கடைசி வரை கரியா என்றார். இரண்டு பேருக்கும் அவன் திரும்பிப் பார்ப்பான். "வா" என்றாலும் வருவான், கன்னடத்தில் "பா" என்றாலும் வருவான். குளிக்கக் கூப்பிட்டால் மட்டும் எந்த மொழியும் புரியாது.

அப்போது கையில் இருந்தது ஒரு யாஷிகா எம்.எஃப்.-2 கேமரா. ஒரு பிலிம் சுருளில் 36 படம். படம் எடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது, சிக்கனமும் அவருடையது. கல்யாணம், காதுகுத்து, ஊரிலிருந்து வந்த மாமா என்று ஒவ்வொரு படத்துக்கும் கணக்கு வைத்திருப்பார். நாய்க்கு ஒரு படம் செலவழிப்பது அவர் கணக்கில் கிடையாது. ஆனால் சுருளைக் கழுவக் கொடுக்கும் அவசரத்தில் கடைசியில் ஒன்றிரண்டு படம் மீந்துவிடும். அதை வீணாக்க மனம் வராது. சரி, பிளாக்கியை எடுத்து முடித்துவிடு என்பார். அந்த மிச்சத்தில் விழுந்தவைதான் ஏழு படமும். அந்தக் காலத்து ஆல்பம் உள்ள எந்த வீட்டிலும் பாருங்கள், நாயோ பூனையோ ரோஜாச் செடியோ தனியாக இருக்கும் படம் பெரும்பாலும் சுருளின் வால் பகுதியாகத்தான் இருக்கும்.

அதில் ஒன்றில் அவன் என் தையல் மெஷினின் மிதிகட்டையில் தலை வைத்துத் தூங்குகிறான். மூலையில் என் கால் கட்டைவிரல் தெரிகிறது. கட்டுரையாளர் அதை மனிதர் என்று கணக்கில் சேர்ப்பாரா தெரியாது. இன்னொன்றில் அல்சூர் ஏரிப் பக்கம் நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பின்னால் மூடிக் கட்டிய ஒரு பெரிய உருவம். அது திருவள்ளுவர் சிலை. 1991இல் கொண்டுவந்து வைத்து, திறக்க விடாமல் 18 வருடம் அப்படியே மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறந்தார்கள். பிளாக்கி 2005 ஜூனில் போய்விட்டான். அவன் வாழ்நாள் முழுக்க வள்ளுவரை மூட்டையாகவே பார்த்தவன். சிலை திறந்தபோது எடுத்த படங்கள் எத்தனையோ இருக்கின்றன. மூடியிருந்தபோது அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப எங்களுக்கு இருந்த காரணம் ஒரு நாய். மனிதர் இல்லை என்று இதை நான் எந்தக் கூடையில் போடுவது?

போன வருடம் பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது யாரோட நாய்?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. அஜ்ஜி இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. இந்த நாய் யாரென்று சொல்ல உலகத்தில் இரண்டு பேர் பாக்கி, நானும் என் மகளும். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை.

முதலில் ஆல்பம். தாளில் பசைக் கோடு போட்டு மேலே பிளாஸ்டிக் உறை மூடும் ஆல்பம் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. அந்தப் பசை வருடம் போகப் போகப் பழுப்பேறிப் படத்தைக் கவ்விக்கொள்ளும். நான் முதல் படத்தை நகத்தால் கிளப்பினேன், பிளாக்கியின் ஒரு காது பசையோடு போய்விட்டது. அப்புறம்தான் தொழில் புத்தி வந்தது. மெல்லிய நைலான் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, படத்துக்கும் தாளுக்கும் நடுவே ரம்பம் மாதிரி மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டினேன். பெரும்பாலானவை வந்துவிட்டன. வராதவற்றை வம்பு பண்ணாமல் தாளோடு அப்படியே விட்டு, ஜன்னல் ஓரம் வைத்து, நேர் வெயிலும் டியூப்லைட் பளபளப்பும் படாமல் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

ஒரு தப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் குட்டியாக இருந்த ஒரே படத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று பல வருடம் முன்னால் ஒரு கடையில் லேமினேட் செய்யக் கொடுத்தேன். சூட்டில் உள்ளே குமிழ் விட்டு, இப்போது அவன் முகத்தின் மேல் பிளாஸ்டிக் கொப்புளம். அதைப் பிரிக்க வழியே கிடையாது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டது நான்தானே.

அப்புறம் ஓரங்கள். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எல்லா ஆல்பத்தையும் தேடினேன். என்னிடம் இருப்பது ஊசியில் நூல் கோக்க வைத்திருப்பது. பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் ஒரு வால், கொலு படிக்குக் கீழே இரண்டு பாதம், மகள் சீருடையில் நிற்கும் படத்தில் பாவாடையை மோந்து பார்க்கும் மூக்கு. இப்படி 43 படம் கிடைத்தது. எந்த வருடம் என்று தெரியாதவற்றுக்குக் கால்நடை மருத்துவமனையின் ஊசி அட்டை உதவியது. ஒரு படத்தில் முன்னங்காலில் கட்டு, அட்டையில் அந்தக் கட்டுக்குத் தேதி. இரண்டையும் ஒத்துப் பார்த்ததில் வரிசை வந்துவிட்டது.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் நெகட்டிவ்தான். பிரின்ட் வந்ததும் நெகட்டிவை யார் திரும்பிப் பார்த்தோம்? ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. 1994 தீபாவளி ராத்திரி எடுத்த படம் ஒன்று உண்டு. வாசல்படியில் வீட்டுக்காரர், மகள், அஜ்ஜி, நான். வலது ஓரத்தில் துளசித் தொட்டி பக்கம் வெறும் இருட்டு. அங்கே பிளாக்கி இருந்தான் என்று எனக்குத் தெரியும், மத்தாப்புக்குப் பயந்து என் புடவையை ஒட்டி நின்றது நினைவிருக்கிறது, ஆனால் படத்தில் ஆள் இல்லை. சிவாஜிநகர் பக்கம் இன்னும் நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் ஒரு லேப் இருக்கிறது. அங்கிருந்த தம்பி, பிரின்ட் போடும்போது முகமும் பட்டுப்புடவையும் நன்றாக விழ வேண்டும் என்று வெளிச்சத்தை வைத்திருப்பார்கள், கறுப்புக்குள் இருப்பதெல்லாம் அதில் அமுங்கிப் போகும், நெகட்டிவில் அது மிச்சம் இருக்கும் என்றார். நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கினார். திரையில் முதலில் இரண்டு கண் வந்தது. பச்சையாக, கோலிக்குண்டு மாதிரி. நாயின் கண்ணுக்குள் பின்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் படலம் ஒன்று உண்டாம், நமக்கு அது இல்லை, அதனால்தான் பிளாஷ் பட்டால் நமக்குச் சிவப்பும் அவற்றுக்குப் பச்சையும் விழுகிறது. அப்புறம் காது வந்தது. அப்புறம் நெஞ்சில் அந்த வெள்ளைத் திட்டு, அழிந்த விபூதி மாதிரி. முப்பது வருடமாக பிஸ்கட் டப்பாவில் நின்றுகொண்டிருந்திருக்கிறான். கண்ணின் பச்சையைச் சரிசெய்யவா என்று கேட்டார் தம்பி. வேண்டாம் என்றேன்.

அதனால் நெகட்டிவ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், விரல் ரேகை பட்டால் போகாது. காகித உறையில் வைக்கலாம். பரணில் வேண்டாம், அங்கே சூடு. மழைக்காலத்தில் ஊறும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், நம்ம பெங்களூரு ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். அந்துருண்டை புடவையோடு இருக்கட்டும், படத்தோடு வேண்டாம். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழுகிறது, நான் தனிச் சீட்டில் எழுதிக் கூடவே வைக்கிறேன். ஸ்கேன் செய்ததை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது அந்த வெள்ளைத் திட்டு மங்கிப் போயிருந்தது. படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடுகிறது, டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகிறது. இப்போது ஒரு பிரதி மகளிடம், ஒன்று என்னிடம், ஒன்று ஓசூரில். நாத்தனாருக்கு நாய் பிடிக்காது, ஆனாலும் வைத்திருக்கிறார்.

படம் மட்டுமல்ல, ஒரு கேசட்டும் கிடைத்தது. பேச்சுப் போட்டிக்கு மகள் பேசிப் பழகியதை வீட்டுக்காரர் பதிவு செய்தது. "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்ததும் பிளாக்கி மூன்று தடவை குரைக்கிறான். மகள் அழுகிறாள். வீட்டுக்காரர் சிரிக்கிறார். அவர் சிரிப்பும் எங்களிடம் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கணினியில் ஏற்றிவிட்டோம்.

நாய்க்கு இவ்வளவா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சிரிக்கலாம். கஸ்தூரிபா சாலை அருங்காட்சியகத்துக்குப் பேரனைக் கூட்டிப் போயிருந்தபோது ஒரு கல்லைப் பார்த்தேன். மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்த கல், கி.பி. 949-50. மேலே ஒரு நாயும் காட்டுப்பன்றியும் சண்டை போடுகின்றன, சுற்றிலும் பழைய கன்னட எழுத்து. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்டதை நாம் படித்திருக்கிறோம் இல்லையா, அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்று ஜெயித்தவர்களின் கல் அது. வீரம் காட்டிய மணலேரனிடம், என்ன வேண்டும் கேள் என்றானாம் கங்க மன்னன் பூதுகன். அவன் கேட்டது காளி என்ற நாயை. அப்புறம் அந்தக் காளி ஒரு பெரிய பன்றியோடு மோதி, இரண்டும் செத்துப் போக, நாய்க்குக் கல் நட்டு நிலமும் விட்டார்கள். நம் பக்கமும் குறைவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், எசமானன் விழுந்த பிறகும் இரண்டு திருடரைக் கடித்துக் காத்து நின்ற நாய் இருக்கிறது. அதன் பேர் கோவிவன் என்று பொறித்திருக்கிறார்கள். இரண்டு கல்லிலும் எனக்குப் பிடித்தது, நாய் என்று பொதுவாக விடாமல் பேரை எழுதியதுதான்.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த இணைப்பில் ஒரு மூலையில் அந்த வரியைத் திருத்திப் போட்டால் போதும். படத்தைத் தூக்கிப் போடும் முன் நெகட்டிவைப் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் பெரியவர் இருந்தால் இது யார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இத்துடன் 1994 தீபாவளிப் படத்தை அனுப்பியிருக்கிறேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள். பத்திரிகைத் தாளில் கறுப்பு இன்னும் கறுப்பாகிவிடும் என்று லேப் தம்பி சொன்னதால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டியே வாங்கியிருக்கிறேன். பக்கம் கட்டுபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: இடம் போதவில்லை என்றால் இடது பக்கம் வெட்டிக்கொள்ளலாம், அங்கே நிற்பது நான்தான். வலது ஓரத்தில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு.